ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

புட்டியை ஆற்றுத் தண்ணீரிலேயே மூன்று தடவை அலச வேண்டும். நான்காவதாக முக்குவதுதான் கணக்கு. வாய்ப்பக்கம் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். முழங்கை மூழ்குகிற ஆழத்தில் பிடித்து, உள்ளே ஒரு குமிழிகூடத் தங்காமல், தண்ணீருக்குள் வைத்தே மூடியைத் திருக வேண்டும். குளிர்காலத்தில் மற்றவர்கள் செய்தால் விரல் விறைத்து மூடி கைநழுவி ஆற்றோடு போய்விடும். மடைக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. இருபத்திரண்டு வருடம் அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த கை. விரல் நுனியில் தோல் தடித்துச் செத்துப்போய், நகம் பாதியில் நின்றுவிட்டது. குளிரும் உறைக்காது, சூடும் உறைக்காது.

"ஸ்டோர் அண்ணன் கைய விட்டா ஆறே மூச்சப் புடிச்சு நிக்குது பாருங்க," என்றார் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரர், மடைக்காரரைக் காட்டி. "நான் முக்கினா புட்டியில பாதி காத்து."

"வாயில இருக்கற காத்து போதாதுன்னு அதுலயும் ரொப்பறீங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

சிரித்தார்கள். மடைக்காரரும் சிரித்தார். வாரத்தில் அவர் சிரிக்கிற ஒரே வேளை அதுதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் பாலத்தடியில் கூடுகிற இவர்களுக்கு ஆற்றுக் காவல் குழு என்று பெயர். பெயர் பெரிது, ஆள் நாலு. வெயில் நாளில் இன்னும் நாலைந்து பேர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மழை வந்தால் பழையபடி நாலு. ஓய்வுபெற்ற அறிவியல் டீச்சர்தான் தலைவி. பாலத்துத் தூணில் அவரே வரைந்து மாட்டிய பலகை ஒன்று இருந்தது. நீர்நாய் படம், கீழே 'இது என் வீடு' என்று எழுத்து. அந்த வீட்டுக்காரரை யாரோ கடைசியாகப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது. "டீச்சர் சொன்னதால நீர்நாய்னு நம்பறோம். இல்லேன்னா நனைஞ்ச பூனைன்னுதான் நெனச்சிருப்பேன்," என்று தையல்காரர் மாதம் ஒருதரமாவது சொல்லிவிடுவார்.

டீச்சர் மீட்டரின் முனையைப் புட்டிக்குள் விட்டு, எண் ஆடி அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஏழு புள்ளி ஒண்ணு."

ஏழு என்றால் நல்ல தண்ணீர். ஏழிலிருந்து இறங்க இறங்கப் புளிப்பு, அதாவது அமிலம். மருந்துக்கடைக்காரர் மாத்திரைச் சீட்டு எழுதுகிற அதே பொடி எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டார். நூற்றைம்பத்து மூன்றாவது ஞாயிறு. நோட்டைப் புரட்டினால் மேலிருந்து கீழ்வரை ஏழு, ஏழு, ஆறு புள்ளி ஒன்பது, ஏழு.

டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். இன்னொன்று. இன்னும் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் செங்காவி நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு. வேறொன்றும் இல்லை. நல்ல ஆற்றில் கல்லுக்கு அடியில் நத்தை இருக்கும், தும்பிக் குஞ்சு இருக்கும், இறால் பொடி துள்ளும். அதைத் தின்ன மீன் வரும், மீனைத் தின்ன நீர்நாய் வரும். டீச்சர் இதை முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியவர். எடுத்த கல்லை எடுத்த முகமாகவே திருப்பி வைத்தார். அதில் அவர் கண்டிப்பு; அடியில் இருப்பதன் கூரையைப் பிய்க்கக்கூடாதாம். அடியில்தான் ஒன்றும் இல்லையே என்று யாரும் சொல்வதில்லை.

"தண்ணி நல்லாருக்கு. ஆனா ஒரு நத்தைகூட இல்ல," என்றார் டீச்சர். "மூணு வருஷமா இதே கதை. எனக்கு விளங்கவே மாட்டேங்குது."

மடைக்காரர் எதிர்க்கரையைப் பார்த்தார். அவருக்கு விளங்கும். இந்த ஊரில் அவருக்கு விளங்குகிற அளவுக்கு வேறு யாருக்கும் விளங்காது.

மருந்துக்கடைக்காரர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அவர் முகத்தில் பிள்ளை பாஸான அப்பனின் களை. ஆற்றின் மேல்பக்கம் மூன்று கிலோமீட்டரில் இருக்கிற கம்பி ஆலையிலிருந்து வந்த கடிதம். ஆலை இரண்டாவது அமிலத் தொட்டி போட அனுமதி கேட்டிருக்கிறது; வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். மூன்று வருடமாக எந்தப் பக்கமும் சாயாமல் ஆற்றை அளந்துவரும் குழுவின் நோட்டையே தங்கள் சாட்சியாக வைக்க விரும்புவதாக மேனேஜர் எழுதியிருந்தார். நோட்டை அன்று எடுத்து வந்தால் நன்றி உடையவர்களாக இருப்பார்களாம்.

"நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுக் கேட்டிருக்காங்க பாருங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மாப்பிள்ளை அழைப்பு மாதிரில்ல இருக்கு," என்றார் தையல்காரர். "மாலை போடுவாங்களா?"

டீச்சருக்கு முகம் தெளியவில்லை. இருந்தாலும் சொன்னார்: "மீட்டர் காட்டினதத்தான் குடுக்கணும். கல்லுல ஒண்ணுமில்லைங்கறதுக்காக நான் நம்பரை மாத்த முடியுமா? வெள்ளிக்கிழமை கொண்டு போவோம்."

மடைக்காரரின் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிழியாமல் நின்றார்.

ஆலையில் யாரும் அவரை ஸ்டோர் அண்ணன் என்று கூப்பிடுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து சுவர் நெருங்கி வருவதுபோல இருக்கவே, எழுந்து ஆற்றங்கரையோடு நடந்தார். பாலத்தடியில் ஒரு வயதான பெண்மணி புட்டியைத் தவறவிட்டார். மடைக்காரர் இறங்கி எடுத்துக் கொடுத்தார். நன்றி சொன்னார்கள், டீ ஊற்றிக் கொடுத்தார்கள், எங்கே வேலை என்று கேட்டார்கள். கம்பி ஆலையில் என்றார். எந்தப் பிரிவு? ஸ்டோர் என்று வாயில் வந்தது. அன்றைக்கு அந்த ஒரு கோப்பை டீயைக் குடித்து முடிக்கத்தான் அந்தப் பொய். அடுத்த ஞாயிறும் போவோம் என்று அப்போது தெரியாது.

போனார். புட்டி அவர் கைக்கு வந்தது. 'உங்களை மாதிரி யாருக்கும் வராது' என்று டீச்சர் சொன்னார். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதனைப் பார்த்து அப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்.

அன்று சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தார். பேரன் பிறந்தபோது மகளுக்கு ஒத்தாசையாக மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். பேரன் இப்போது இரண்டாம் வகுப்பு. சண்டை ஒன்றும் இல்லை. அங்கே வேலை தீரவில்லை, இங்கே யாரும் வற்புறுத்திக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"ஆத்துக்குப் போனீங்களா? இன்னைக்கு எத்தனை?" காய்ச்சல் எத்தனை என்று கேட்கிற குரலில் ஞாயிறுதோறும் அவள் கேட்கிற கேள்வி.

"ஏழு புள்ளி ஒண்ணு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்."

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். யாரோ பாட்டி என்று கூப்பிட்டார்கள். வைக்கட்டுமா என்றாள். வை என்றார். டயர்க் கடைக்கு மேல் இருக்கிற அந்த ஒற்றை அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஆணியில் இரண்டு சட்டை. கடைக்கும் ஞாயிறு விடுமுறை என்பதால் கீழே இரும்புச் சத்தம்கூட இல்லை.

கம்பி ஆலைக்கு வருகிற கம்பிச் சுருள் துருப் பிடித்து வரும். அதைச் சங்கிலியில் தூக்கி அமிலத் தொட்டியில் முக்கினால் துரு கரைந்து போகும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் கழுவ வேண்டும். அந்தக் கழுநீர் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குழியில் சேரும். அதில் சுண்ணாம்பைக் கொட்டி, அரை நாள் கலக்கி, புளிப்பு முறிந்த பிறகுதான் ஆற்றில் விட வேண்டும் என்பது சுவரில் எழுதியிருக்கிற விதி. சுண்ணாம்பு மூட்டைகள் அந்தச் சுவரை ஒட்டியே அடுக்கியிருக்கும். அதிகாரி வருகிற அன்று மேல் மூட்டையைப் பிரித்து வைப்பார்கள். போனதும் தைத்து வைப்பார்கள். ஒரே மூட்டை எட்டு வருடம் வேலை பார்த்தது.

மற்றபடி நடப்பது இதுதான். காலை ஆறே முக்காலுக்கு, ராத்திரி ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், மடைக்காரர் குழியின் மடைச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுவார். முப்பத்திரண்டு சுற்று. குழி காலியாக ஒரு மணி நேரம் ஆகும். பகல் ஷிஃப்ட்காரன் வந்து மூடுவான். திங்கள் முதல் சனிவரை. சனிக்கிழமை சாயங்காலம் அமிலப் பிரிவு நின்றுவிடும். மடை மூடிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள் ஆறு தன்னைத் தானே கழுவிக்கொண்டு சுத்தமாகியிருக்கும்.

குழுவில் இருப்பவர்கள் உழைத்துத் தின்கிறவர்கள். அவர்களுக்கு ஒழிவது ஞாயிறு மட்டும். ஆலைக்கும் ஒழிவது ஞாயிறுதான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. மூன்று வருடமாக ஆற்றின் விடுமுறை நாளை மட்டும் அளந்து வந்தார்கள். அதை அளக்கக் கொடுத்த கை மற்ற ஆறு நாளும் சக்கரம் சுற்றிய கை. மீன் செத்து மிதந்தாலாவது யாராவது கேட்டிருப்பார்கள். மிதப்பதற்கு மீன் இருந்தால்தானே.

திங்கட்கிழமை காலை சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்தான். மகள் வயதுக்காரன், பல்லில் எப்போதும் ஒரு குச்சி.

"மடை அண்ணே, இன்னும் ஒரு வருஷத்துல உங்களுக்கு டபுள் டூட்டி. ரெண்டாவது தொட்டி வந்தா ரெண்டாவது குழி, ரெண்டாவது சக்கரம்."

"ஒரு கையில ஒண்ணு சுத்தணுமா?"

"உங்களுக்கென்ன, கட்டையில செஞ்ச கை." அவன் சிரித்தான். "யாரோ ஆத்துக்காரங்களாம், மூணு வருஷமா டெஸ்ட் பண்ணி நம்ம தண்ணி தேன் மாதிரி இருக்குன்னு எழுதி வச்சிருக்காங்களாம். மேனேஜர் மூணு நாளா தரையில நடக்கலை. சும்மா சொல்லக்கூடாது, நாம ஆள் வச்சு எழுதியிருந்தாக்கூட இவ்வளவு அழகா வராது."

மடைக்காரர் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார். ஒன்று, இரண்டு. பன்னிரண்டில் குழியின் மட்டம் அசையும். இருபதில் குழாய் வாயில் கனைப்பு மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு லேசாகப் பச்சை ஓடிய தண்ணீர், பார்த்தால் சுத்தமானது போலத்தான் இருக்கும், பாறையில் விழுந்து ஆற்றில் கலக்கும். விழுகிற இடத்தைச் சுற்றி ஒரு புல்லும் கிடையாது.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசித்துப் பார்க்காமல் இல்லை. வேலை போகும். போகட்டும், இன்னும் இரண்டு வருடத்தில் எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள். அவரைத் தடுத்தது வேறு. சொன்னால் முதலில் போவது ஞாயிற்றுக்கிழமை. தையல்காரரின் கிண்டல், டீச்சர் பிளாஸ்கிலிருந்து ஊற்றுகிற டீ, 'அண்ணே, புட்டி' என்று நீட்டப்படுகிற கை, எல்லாம் அதோடு போகும். ஊமையாக இருந்துவிட்டால் இருக்கும். எவ்வளவு நாளைக்கு? இன்னொரு தொட்டி வந்து, இன்னொரு குழி வந்து, அதே நோட்டில் இன்னொரு நூறு தடவை ஏழு என்று எழுதும் நாள்வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போனார். மூன்று வருடத்தில் முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டு நின்றார். கூடத்தில் மேஜை நிறையப் புட்டிகள், சிறிய தராசு, பழைய விடைத்தாள்களின் பின்புறத்தில் எழுதிய குறிப்புகள். வெள்ளிக்கிழமைக்காக நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார் டீச்சர்.

"வாங்க வாங்க. என்ன, அதிசயமா இருக்கு?"

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "வார நாள்ல ஒரு தடவை எடுத்துப் பாத்தா என்ன டீச்சர்?" என்றார்.

"எனக்கும் ஆசைதான். யாருக்கு ஒழியுது சொல்லுங்க. அவருக்குக் கடை, இவருக்குத் தையல். படி இறங்க எனக்கு முட்டி ஒத்துழைக்காது."

"நான் எடுத்துட்டு வரேன். நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு."

டீச்சர் எழுந்து புட்டி, மீட்டர், ஒரு மாதிரிச் சீட்டு மூன்றையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். இடம், நாள், நேரம், எண், எடுத்தவர், கவனித்தவை என்று சீட்டில் கட்டம் கட்டமாக இருந்தது. "எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும். காலியா விட்டா சீட்டு செல்லாது," என்றார், மாணவனிடம் சொல்வதுபோல.

பையை வாங்க அவர் நீட்டிய கையில் டீச்சரின் பார்வை ஒரு வினாடி நின்றது.

புதன்கிழமை ஆறே முக்காலுக்கு மடைக்காரர் முப்பத்திரண்டு சுற்றும் சுற்றினார். ஒன்று குறைத்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது, குறைக்கவில்லை. ஏழு மணிக்கு அட்டையில் முத்திரை குத்திவிட்டு, வழக்கமாகப் போகிற பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல், மதிலைச் சுற்றி ஆற்றங்கரைக்கு இறங்கினார்.

தண்ணீர் எந்த வேகத்தில் போகிறது என்று பார்க்கக் குழுவில் ஒரு வழி உண்டு. ஒரு குச்சியைப் போட்டு அதோடு நடப்பது. அவர் முருங்கைக்காய் கனத்தில் ஒரு காய்ந்த குச்சியை ஒடித்து, குழாய்க்குக் கீழே, தன் தண்ணீர் ஆற்றோடு சேர்கிற இடத்தில் போட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பியது. அவரும் கிளம்பினார்.

இருபத்திரண்டு வருடமாகத் திறந்துவிட்ட தண்ணீரோடு அவர் ஒருநாளும் நடந்ததில்லை. திறந்துவிட்டால் வேலை முடிந்தது. அது எங்கே போனால் என்ன. இப்போது அது பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. செங்கல் சூளையின் பின்பக்கம், லாரி கழுவுகிற பள்ளம், வேலி போட்ட காய்கறித் தோட்டம் என்று ஒவ்வொன்றையும் தாண்டியது. தோட்டத்தில் ஒரு பெண் வாளியை ஆற்றில் விட்டு மொண்டாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார். என்னவென்று சொல்வது? இது என் தண்ணீர் என்றா? அவள் அவரைப் பார்த்து, "என்னங்க, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றாள். "குச்சி" என்றார். அவள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வாளியோடு போனாள்.

ஒரு திருப்பத்தில் குச்சி நாணலில் சிக்கிக்கொண்டது. இன்னொன்றைப் போட்டிருக்கலாம். அவர் உட்கார்ந்து காத்திருந்தார். கால் மணி நேரம் போல ஆனது. ராத்திரி முழுக்க விழித்த கண் எரிந்தது. தண்ணீர் குச்சியைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் விடுவித்துக்கொண்டு போனது. "வா போலாம்," என்றார். அந்தக் காலையில் அவர் தானாக வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

பாலத்தடிக்கு வந்தபோது எட்டே கால். குச்சி தூணைத் தொட்டுக்கொண்டு போயிற்று. படிக்கட்டு காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையின் படிக்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை; யாரோ காகிதக் கப்பை எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று தடவை அலசினார். நான்காவதாக முக்கினார். குமிழி இல்லாமல் மூடினார். மீட்டரின் எண் ஆறில் நிற்கும் என்று எதிர்பார்த்தார். அது ஐந்தையும் தாண்டி இறங்கி, நாலு புள்ளி இரண்டில் நின்றது. மீட்டரைக் கழுவி, இன்னொரு தடவை பார்த்தார். நாலு புள்ளி இரண்டு.

படியில் உட்கார்ந்து, பையைத் தொடையில் வைத்து, சீட்டைக் கட்டம் கட்டமாக நிரப்பினார். 'எடுத்தவர்' என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதினார். குழுவில் அவர் முழுப் பெயர் யாருக்கும் தெரியாது. 'கவனித்தவை' கட்டம் சிறியது. பேனாவை உதறி உதறி எழுதினார்: கம்பி ஆலை மடை காலை 6.45க்குத் திறந்தது. சுண்ணாம்பு போடவில்லை. திறந்தவர் நான். திங்கள் முதல் சனிவரை தினமும் இப்படித்தான். ஞாயிறு மட்டும் மூடியிருக்கும்.

நேராக டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சீட்டை நீட்டினார். டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை படித்தார். உட்காரச் சொல்லவில்லை, மறந்தாரோ என்னவோ.

"மீட்டரைக் கழுவிட்டுத்தானே வச்சீங்க?"

"ரெண்டு தடவை பாத்தேன் டீச்சர்."

"ஸ்டோர்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"மூணு வருஷமும் தெரியுமா?"

"முத நாளே தெரியும்."

"நான் ஒவ்வொரு கல்லா புரட்டறப்ப பக்கத்துலயே நின்னீங்களே."

வீட்டுக்குள் எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் சொல்லலை?"

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால் டீச்சருக்கு விளங்கியிருக்கும். மன்னித்தும் இருப்பார். ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதன், வாயில் உண்மை வந்துவிட்டது.

"சொன்னா அப்புறம் ஞாயித்துக்கிழமை இருக்காதுன்னுதான் டீச்சர்."

டீச்சர் புட்டியை வாங்கி மேஜையில் வைத்தார், மற்றப் புட்டிகளிலிருந்து கொஞ்சம் தள்ளி. "சரி. நான் பாத்துக்கறேன்," என்றார். மடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பியபோது கதவு சாத்தப்பட்டுவிட்டது. சத்தமாக இல்லை. சாத்துகிற மாதிரிதான் சாத்தினார்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மடையடிக்குப் போனபோது சூப்பர்வைசர் அங்கே நின்றிருந்தான். வாயில் குச்சி இல்லை. "சக்கரத்தத் தொட வேணாம்," என்றான். "அட்டையைக் குடுத்துட்டுப் போயிருங்க. கணக்கு வீட்டுக்கு வரும்." கொஞ்சம் கழித்து, குரலை இறக்கி, "உங்களுக்கு ஏன் அண்ணே இந்த வேலை?" என்றான். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மடைக்காரர் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பாலத்தடிக்குப் போனார். திட்டுவார்கள், திட்டட்டும். மருந்துக்கடைக்காரர் முகம் கொடுக்கமாட்டார். தையல்காரர் ஏதாவது குத்திக் காட்டுவார். அது போதும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். இப்படியெல்லாம் வழியில் தயார் செய்துகொண்டு போனார்.

படிக்கட்டில் யாரும் இல்லை. ஏழே கால் ஆனது. ஏழரை ஆனது. பலகையில் நீர்நாய் மட்டும் இருந்தது.

எட்டு மணிக்கு, மேலே பாலத்தில் ஒரு சைக்கிள் நின்றது. தையல்காரர். கைப்பிடியில் துணி மூட்டை.

"அண்ணே," என்றார் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நீங்க வந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"யாரையும் காணோம்."

"ஞாயித்துக்கிழமை இனி இல்ல அண்ணே." அவர் கீழே இறங்கி வரவில்லை. "வெள்ளிக்கிழமை டீச்சர் எழுந்து நின்னு பேசினாங்க பாருங்க, மேனேஜர் மூஞ்சியில ஈயாடலை. 'இந்த நோட்டு பொய் இல்ல. ஆனா இதுல நூத்தம்பத்து மூணு நாள் இல்ல. ஒரே நாள்தான் நூத்தம்பத்து மூணு தடவை இருக்கு'ன்னாங்க. உங்க சீட்டையும் படிச்சாங்க. பேர மட்டும் படிக்கலை."

"மடை திறக்கறவன் ஒருத்தன்தான். ஆலைக்குத் தெரியாதா."

"அதான்." தையல்காரர் மூட்டையைச் சரி செய்தார். "அனுமதியத் தள்ளி வச்சிருக்காங்க. இனிமே நாங்க வார நாள்ல எடுக்கறோம். மாத்தி மாத்தி. எப்பன்னு முன்னாடி யாருக்கும் சொல்றதில்ல. ஆலைக்குத் தெரிஞ்சிரக்கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"நான் இப்ப ஆலையில இல்ல."

"தெரியும் அண்ணே. அது எனக்குத் தெரியும்." ஆற்றைப் பார்த்தார். கிண்டல் ஏதாவது வரும் என்று மடைக்காரர் காத்திருந்தார். "நான் முக்கினா பாதி காத்துதான் வருது. டீச்சர் திட்டறாங்க," என்றார் தையல்காரர். பிறகு, துணியைப் பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போனார்.

மடைக்காரர் போனை எடுத்தார். எப்போதும் சாயங்காலம் பேசுகிறவர்.

"என்னங்க, காலைலயே? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

"ஐயோ. ஏங்க?"

"வந்து சொல்றேன். அங்க ஒரு வாரம் வந்து இருக்கலாமான்னு பாக்கறேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றை யாரோ கீழே வைத்தார்கள். "இருங்க, மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன். நான் பையன்கூட ஒரே ரூம்லதான் படுக்கறேன், தெரியுமில்ல," என்றாள். கடிந்து சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். பிறகு, பேச்சை விடக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, கேட்டாள்: "ஆத்துலயா இருக்கீங்க? இன்னைக்கு எத்தனை?"

"மீட்டர் இல்ல."

"அவங்கல்லாம் எங்க?"

"நாள் மாத்திட்டாங்க."

"எந்த நாளுக்கு?"

"சொல்லலை."

அவள் உச்சுக் கொட்டினாள். சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றாள்.

போனைப் பையில் போட்டுவிட்டு இறங்கினார். அமிலப் பிரிவில் பழைய ஆட்கள் மீட்டர் இல்லாத காலத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தார். புளிப்பு இல்லை. ஏழு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏழுதான்.

குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். செங்காவி. இன்னொன்றைப் புரட்டினார். அடியில் ஒன்றும் இல்லை. நத்தை வர எத்தனை வருடம் ஆகும் என்று டீச்சரிடம் கேட்டிருக்கலாம், கேட்காமல் விட்டுவிட்டார். கையை ஆற்றில் மூன்று தடவை அலசினார். நான்காவதாக முக்கப் புட்டி இல்லை. கல்லை எடுத்த முகமாகவே திருப்பி வைத்துவிட்டுப் படியேறினார்.